கிளெயர் இடைத்தேர்தல்: ஒரு வெற்றிடமும் ஒரு சத்தியப் பிரமாணமும்

சரித்திரம் என்றவுடன் போர்க்களங்களும் முடிசூட்டு விழாக்களுமே நம்மிற் பலருக்கு நினைவில் எழுகின்றன. ஒரு நாட்டின் கதியை மாற்றிய சம்பவம், படையெடுப்பாகவோ புரட்சியாகவோ இருக்க வேண்டுமென்று எண்ணிவிடுகின்றோம். ஆனால், சட்டசபையிலே வெற்றிடமான ஒரேயோர் ஆசனத்தை நிரப்புதற்காக, ஒரு மூலையிற் கிடந்த ஏழை மாவட்டத்திலே நடந்த இடைத்தேர்தல் ஒன்று, உலகின் பெரும் பேரரசொன்றின் சட்டத்தையே மாற்றுவித்த வரலாறும் உண்டு. அயர்லாந்திலே, கிளெயர் என்னும் மாவட்டத்திலே, 1828ஆம் ஆண்டு யூலை மாதம் நடந்த இடைத்தேர்தலே அது.

மிஷனரிமார் நிறுவிய கல்லூரியொன்றிற் பயின்ற நாம், அக்கல்லூரி நூல்நிலையத்தின் பழைய இங்கிலாந்துச் சரித்திர நூல்களிலேதான் இக்கதையை முதன்முதல் அறிந்தோம். அந்நூல்கள் இதற்கு ஒதுக்கியது அரைப் பக்கமே. பின்னர்ப் பல்கலைக்கழகத்திலே சரித்திரத்தைப் பாடமாகக் கொண்டபோதுதான் அவ்வரைப் பக்கத்தின் பின்னால் எத்துணைப் பேருடைய துணிவும் இழப்பும் மறைந்து கிடந்தன என்பது விளங்கிற்று. சமயத்தின் பெயரால் ஒருவனுடைய குடியுரிமை குறைக்கப்படலாமோ என்ற கேள்வி, எச்சமயத்தவராயினும் எல்லாரும் சிந்திக்க வேண்டிய கேள்வி. ஆதலின் சைவ இளைஞராகிய நாம் இதனை இம்மலரிலே எழுதுதல் பொருத்தமென்று துணிந்தோம்.

வாக்குண்டு, ஆசனமில்லை

1801ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி அயர்லாந்து பிரித்தானியாவுடன் இணைக்கப்பட்டது. டப்ளினில் இருந்த பாராளுமன்றம் ஒழிந்தது. ஐரிஷ் பிரதிநிதிகள் இலண்டன் சென்று வெஸ்ற்மினிஸ்ரரிலே அமர வேண்டியவராயினர். அந்நாட்டு மக்களிற் பெரும்பாலார் உரோமன் கத்தோலிக்கர். இணைப்போடு கத்தோலிக்கரின் தடைகளும் நீங்கும் என்ற நம்பிக்கையைப் பிரதமர் பிற் ஊட்டியிருந்தார். ஆனால், தாம் முடிசூடியபோது செய்த பிரமாணத்துக்கு அது மாறு என்று மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் மறுத்தார். பிற் பதவி துறந்தார். நம்பிக்கை கானல் நீராயிற்று.

அக்காலச் சட்டம் விந்தையானது. 1793 முதல், ஆண்டொன்றுக்கு நாற்பது சிலிங் பெறுமதியான நிலவுரிமை உடைய கத்தோலிக்கர் அயர்லாந்தின் மாவட்டத் தேர்தல்களில் வாக்களிக்கலாம். ஆனாற் பாராளுமன்றத்திலே அமர முடியாது. அமர விரும்புபவர் பிரமாணம் செய்தல் வேண்டும். அரசரே திருச்சபையின் தலைவர் என்று ஏற்பதும், கத்தோலிக்கரின் பூசைப் பலியும் புனிதர் வணக்கமும் மூடநம்பிக்கை, விக்கிரக ஆராதனை என்று சொல்வதும் அப்பிரமாணங்களில் அடங்கியிருந்தன. தன் தாய் தந்தையர் வழிபட்ட முறையைத் தன் வாயாலேயே இழித்துரைத்த பின்னர்த்தான் ஒருவன் மக்கட் பிரதிநிதி ஆகலாம்! கதவு திறந்தே இருந்தது. வாசற்படியிலே மட்டும் இப்பொறி வைக்கப்பட்டிருந்தது.

இங்கே நுணுக்கமான விடயமொன்றை வாசகர்கள் கவனித்தல் வேண்டும். கத்தோலிக்கன் பாராளுமன்றத்திலே அமர்வதற்குத்தான் தடை இருந்தது. தேர்தலிலே போட்டியிடுதற்கோ தெரிவு செய்யப்படுதற்கோ தடை இருக்கவில்லை. எவரும் துணியாத காரணத்தால் இவ்விடைவெளி எவர் கண்ணிலும் பெரிதாகப் படவில்லை. அதனைக் கண்டு அதனூடே ஒரு நாட்டையே நடத்திச் சென்றவர் டானியேல் ஓகொனல் என்னும் வழக்கறிஞர்.

மாதம் ஒரு பென்னி

ஓகொனல் 1775ஆம் ஆண்டு கெறி மாவட்டத்திலே பிறந்தவர். பிரான்சிலே கல்வி கற்று, 1798இல் வழக்கறிஞரானவர். எத்துணைத் திறமை இருந்தும், கத்தோலிக்கர் என்ற காரணத்தால் அரச வழக்கறிஞர் என்னும் உயர்நிலை அவருக்கு மறுக்கப்பட்டிருந்தது.

1823இல் அவரும் நண்பர்களும் கத்தோலிக்க சங்கத்தை நிறுவினர். முதலில் அது சில வழக்கறிஞரும் வணிகரும் கூடிப் பேசும் சபையாகவே இருந்தது. அடுத்த ஆண்டு ஓகொனல் ஒரு வழி கண்டார். மாதம் ஒரு பென்னி கொடுக்கும் எவரும் சங்கத்தோடு சேரலாம் என்றார். கோயில் வாசல்களிலே பென்னிகள் சேர்ந்தன. பெற்ற பணத்தினும் பெரிது, கொடுத்தவர் உள்ளத்தில் ஏற்பட்ட மாற்றம். ஒரு பென்னி கொடுத்த உழவன், “இது என் சங்கம்” என்று சொல்லத் தலைப்பட்டான். சிறுதுளி பெருவெள்ளம் என்பதை நாம் பொருளுக்கே பொருத்திச் சொல்லுவோம். உரிமைக்கும் அது பொருந்தும் என்பதை ஐரிஷ் உழவர் காட்டினர். 1825இல் அரசாங்கம் சட்டம் இயற்றிச் சங்கத்தைத் தடை செய்தது. சங்கம் அமைப்பை மாற்றிப் புதிய பெயரோடு மீண்டும் எழுந்தது.

1826ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே முதலாவது அறிகுறி தோன்றிற்று. வாட்டர்போட் மாவட்டத்திலே செல்வாக்கு மிக்க பெரஸ்போட் குடும்பத்து வேட்பாளரை, நாற்பது சிலிங் வாக்காளர் தோற்கடித்தனர். அவர்கள் தெரிவு செய்தவர் ஒரு புரட்டஸ்தாந்தர். ஆனாற் கத்தோலிக்கரின் உரிமையை ஆதரித்தவர். நிலப்பிரபுவின் சொல்லை மீறிக் குடியானவன் வாக்களிக்கக் கூடும் என்பது அன்றே வெளியாயிற்று.

வெற்றிடம் எவ்வாறு ஏற்பட்டது?

1828 சனவரியில் வெலிங்டன் கோமகன் பிரதமரானார். வோட்டர்லூவிலே நெப்போலியனை வென்ற அதே வெலிங்டன்தான். மே மாதத்திலே மந்திரிசபையிற் பிளவு ஏற்பட்டுச் சிலர் விலகினர். வர்த்தக சபைத் தலைவர் பதவி, கிளெயர் மாவட்டப் பிரதிநிதியான வில்லியம் வீசி பிற்ஸ்ஜெறால்டுக்கு அளிக்கப்பட்டது.

பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மந்திரியாக நியமனம் பெற்றால் அவருடைய ஆசனம் வெற்றிடமாகும் என்பது அக்காலச் சட்டம். அரசரின் சம்பளத்தை ஏற்றவர், மக்களின் நம்பிக்கை தமக்கு இன்னும் உண்டோ என்று மீண்டும் கேட்டு வர வேண்டும் என்பது அதன் கருத்து. பெரும்பாலும் இது வெறுஞ் சடங்காகவே முடியும். பிற்ஸ்ஜெறால்டும் அவ்வாறே எண்ணியிருப்பார். அவர் நல்ல நிலப்பிரபு என்று பெயர் பெற்றவர். கத்தோலிக்கரின் உரிமைக்கு ஆதரவாகப் பாராளுமன்றத்திலே வாக்களித்தவர். அவரை எதிர்க்கக் கூடிய புரட்டஸ்தாந்தர் ஒருவரைச் சங்கம் தேடிற்று. கேட்கப்பட்டவர் மறுத்தார்.

அப்பொழுதுதான் அந்தத் துணிவு பிறந்தது. சூன் 24ஆந் திகதி, தாமே போட்டியிடுவதாக ஓகொனல் அறிவித்தார். தெரிவு செய்யப்பட்டால் அப்பிரமாணத்தைத் தாம் ஒருபோதும் செய்யப்போவதில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார்.

எதிர்த்து நின்றவர் தீயவராக இருந்திருந்தால் இக்கதை எளிதாக இருந்திருக்கும். நல்லவர் ஒருவரை எதிர்த்தே இப்போர் நடக்க வேண்டியதாயிற்று. பிற்ஸ்ஜெறால்ட் நல்லவரோ என்பதன்று அங்கே எழுந்த வினா. நல்லவர் ஒருவர் இரங்கி நமக்காகப் பேசுதல் போதுமோ, அன்றி நமக்கென்று நாமே பேசும் உரிமை வேண்டுமோ என்பதே வினா.

எனிஸ் நகரிலே ஐந்து நாள்

கிளெயர் மாவட்டத்தின் தலைநகர் எனிஸ். வாக்களிப்பு அங்குள்ள நீதிமன்றத்திலே யூலை முதல் வாரத்தில் நடந்தது. இன்றுபோல மறைவாக வாக்களிக்கும் முறை அன்று இல்லை. வாக்காளர் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நின்று, தாம் விரும்பும் வேட்பாளரின் பெயரைச் சொல்ல வேண்டும். நிலப்பிரபுவும் அவருடைய காரியஸ்தரும் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பர். குத்தகை நிலத்தையும் குடியிருக்கும் வீட்டையும் பறிக்க வல்லவர் அவர். மறுநாள் அடுப்பு எரியுமோ என்பது அன்று சொல்லும் ஒரு பெயரிலே தங்கியிருந்தது. இந்நிலையிலே ஒருவன் வாய் திறத்தல் எளிதன்று.

நிலப்பிரபுக்கள் தத்தம் குடியானவரை அணி அணியாக நகருக்கு அழைத்து வந்தனர். வழியிலே கத்தோலிக்கக் குருமார் நின்று, மனச்சாட்சிப்படி நடக்குமாறு அவர்களுக்கு எடுத்துரைத்தனர். தம் பிரபுவின் பின்னே நகருக்குள் வந்த கூட்டம், நீதிமன்றத்துள்ளே ஓகொனலின் பெயரைச் சொல்லியது. நகரிலே முப்பதினாயிரம் பேர்வரை கூடியிருந்தனர் என்பர். தேர்தல் என்றாற் குடியும் கலகமும் என்றிருந்த அக்காலத்திலே, அக்கூட்டம் மதுவைத் தொடாது அமைதி காத்தது. பக்கத்திலே நிறுத்தப்பட்டிருந்த படையினருக்கு வேலை ஏற்படவில்லை. எதிரிகளை மிகவும் அச்சுறுத்தியது இவ்வமைதியே. கலகம் செய்யும் கூட்டத்தைச் சுட்டு அடக்கலாம். ஒழுங்காக நின்று ஒருவர் பின் ஒருவராகப் பெயர் சொல்லும் கூட்டத்தை என் செய்வது?

யூலை 5ஆந் திகதி முடிவு அறிவிக்கப்பட்டது. ஓகொனலுக்கு 2,057 வாக்குகள், பிற்ஸ்ஜெறால்டுக்கு 982.

வென்றவரைக் கண்டு அஞ்சியவர்

தெரிவு செய்யப்பட்ட ஒருவரைப் பாராளுமன்றத்துள் விடாது தடுப்பதா? தடுத்தால் அயர்லாந்து முழுவதும் என்ன நேரும்? அடுத்த பொதுத் தேர்தலிலே மாவட்டந்தோறும் ஒரு கத்தோலிக்கர் தெரிவு செய்யப்பட்டால் என்ன செய்வது? இவ்வினாக்கள் பிரதமர் வெலிங்டனையும் உள்நாட்டு மந்திரி றொபேட் பீலையும் உறக்கமிழக்கச் செய்தன. இருவரும் கத்தோலிக்கரின் கோரிக்கையை நெடுங்காலம் எதிர்த்து வந்தவர்கள். ஆயினும் உள்நாட்டுப் போரினும் சட்டத்தை மாற்றுதலே மேல் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

இங்கே இன்னோர் இடைத்தேர்தல் குறுக்கிடுகின்றது. பீல், ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாக இருந்தவர். கத்தோலிக்கரை எதிர்ப்பவர் என்ற நம்பிக்கையிலேயே அப்பல்கலைக்கழகம் அவரைத் தெரிந்திருந்தது. தம் கருத்து மாறியபோது, ஆசனத்தை வைத்துக்கொண்டிருத்தல் முறையன்று என்று அவர் அதனைத் துறந்து, 1829 பெப்ரவரியில் மீண்டும் போட்டியிட்டார். 755 வாக்குகள் பெற்ற றொபேட் இங்கிலிசுக்கு எதிராக 609 வாக்குகளே பெற்றுத் தோற்றார். பின்னர் வெஸ்ற்பறி என்னும் சிறு தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்தே சட்டத்தைக் கொண்டுவந்தார். படியாத உழவர் உரிமைக்காக வாக்களித்தனர். படித்தோர் கூடிய பல்கலைக்கழகம் அதற்கு எதிராக வாக்களித்தது. பல்கலைக்கழக மாணவராகிய நாம் இதை நினைக்குந்தோறும் சற்றே நாணங் கொள்கின்றோம்.

வெலிங்டனும் தப்பவில்லை. அவரைத் துரோகி என்னும் பொருளிற் பேசிய விஞ்செல்சி பிரபுவோடு 1829 மார்ச் 21இல் அவர் துப்பாக்கி ஏந்தித் தனிப்போர் புரிய நேர்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் காயப்படுத்தாது பிரிந்தனர். மன்னர் நான்காம் ஜோர்ஜ் கடைசிவரை தயங்கினார். ஏப்ரில் 13ஆந் திகதி அரச சம்மதம் கிடைத்தது. சில உயர் பதவிகள் நீங்கலாகப் பாராளுமன்றமும் ஏனைய பதவிகளும் கத்தோலிக்கருக்குத் திறந்துவிடப்பட்டன.

ஆயினும் ஓகொனலுக்கு அரசாங்கம் ஒரு சிறு தண்டனை வைத்திருந்தது. புதிய சட்டம், இனிமேல் தெரிவாகுவோருக்கே பொருந்தும் என்று அமைந்தது. 1829 மே 15இல் அவர் சபைக்கு வந்தார். பழைய பிரமாணம் அவர் கையிலே கொடுக்கப்பட்டது. அதனை வாசித்துப் பார்த்து, அதில் ஒரு பகுதி பொய்யென்று தாம் அறிந்ததென்றும், மற்றொரு பகுதி உண்மையென்று தாம் நம்பாததென்றும் கூறி மறுத்தார். ஆசனம் மீண்டும் வெற்றிடமாயிற்று. கிளெயர் மக்கள் யூலை 30இல் அவரையே போட்டியின்றித் தெரிந்தனர். 1830 பெப்ரவரியில் அவர் சபையிலே அமர்ந்தார்.

வெற்றிக்குக் கொடுத்த விலை

இதுவரை சொல்லியது பாடநூல் சொல்லும் கதை. இதற்குமேல் உள்ளதையே நாம் முக்கியமாக எண்ணுகின்றோம்.

கத்தோலிக்கருக்குப் பாராளுமன்றத்தைத் திறந்த அதே வேளையிலே இன்னொரு சட்டமும் நிறைவேறிற்று. அயர்லாந்து மாவட்டங்களில் வாக்குரிமைக்கு வேண்டிய நிலப் பெறுமதி நாற்பது சிலிங்கிலிருந்து பத்துப் பவுணாக உயர்த்தப்பட்டது. அதாவது, ஐந்து மடங்கு! இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டிருந்த மாவட்ட வாக்காளர் தொகை ஏறக்குறைய 37,000 ஆகச் சுருங்கிற்று. எவர் நிலப்பிரபுவின் முன்னே நின்று ஓகொனலின் பெயரைச் சொன்னார்களோ, அவர்களே வாக்குரிமை இழந்தனர். கதவைத் தோளால் முட்டித் திறந்தவர்கள் வெளியே நிற்க, வசதி படைத்த கத்தோலிக்கர் உள்ளே சென்றனர்.

ஓகொனல் இதனை விரும்பியவர் அல்லர். ஆயினும், பெற வேண்டிய பெரிய சட்டம் கெட்டுவிடலாகாது என்று, இதனைத் தடுக்கப் பெரும் போர் எதுவும் தொடுக்கவில்லை. அவரைப் பழித்தல் எளிது. அவருடைய இடத்திலே நின்று முடிவு செய்தல் அரிது. ஒன்று மட்டும் தெளிவு. ஒரு சமூகத்தின் உரிமைக்குப் போராடும்போது அச்சமூகத்தின் மிக ஏழையும் முன்னணியில் நிற்கின்றான். உரிமை பங்கிடப்படும்போது அவனே பின்தள்ளப்படுகின்றான். இது அயர்லாந்துக்கு மட்டும் உரிய கதையோ என்பதை மூத்தோரும் இளைஞரும் தத்தம் ஊர்களையும் கோயில்களையும் நினைத்துப் பார்த்து விடை காண்பாராக.

இலங்கையிலே 1806

இவ்விடத்திலே நம் நாட்டுச் செய்தியொன்றும் நினைக்கத்தக்கது. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபின் கத்தோலிக்கரின் தேவாலயங்கள் பறிக்கப்பட்டன, குருமார் துரத்தப்பட்டனர். 1687இலே வந்த யோசேவ் வாஸ் அடிகளார் மறைந்து திரிந்தே தம் மக்களுக்குத் தொண்டு செய்தார். சைவரின் நிலையும் அவ்வாறே. பதவி வேண்டுவோர் ஒல்லாந்தரின் திருச்சபையிலே ஞானஸ்நானம் பெற வேண்டியிருந்தது. உள்ளத்திலே சிவனையும் ஏட்டிலே வேறு பெயரையும் வைத்துக்கொண்டு நம் முன்னோர் வாழ்ந்த காலம் அது. பிரமாணத்துக்காக மனச்சாட்சியை மறைத்து வைத்தல் என்றால் என்ன என்பது யாழ்ப்பாணத்தவருக்குப் புதிதன்று.

1796இல் ஒல்லாந்தரிடமிருந்து கரையோர மாகாணங்களைப் பிரித்தானியர் கைப்பற்றினர். 1806இல் ஆளுநர் தோமஸ் மெயிற்லண்ட், இலங்கைக் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கி ஒரு பிரமாணத்தைப் பிறப்பித்தார். இங்கிலாந்திலே அத்தடைகள் நீங்குதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்னரே குடியேற்ற நாடொன்றில் அவை நீங்கின என்பது வியப்பன்றோ!

ஆனால் ஒரு வேறுபாடுண்டு. கொழும்பிலே அவ்வுரிமை ஓர் ஆளுநரின் பேனாவினால் அளிக்கப்பட்டது. அதற்காக இங்கு எவரும் வாக்களிக்கவில்லை. வாக்களிக்க ஒரு சட்டசபையும் அன்று இல்லை. எனிஸ் நகரிலோ மக்கள் தாமே அதனை எடுத்துக்கொண்டனர். அளிக்கப்பட்டதும் நன்மையே, அதனை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் அளித்த பேனா மாற்றியும் எழுதலாம். தாமே எடுத்துக்கொண்டவர்களுக்கு, மேலும் எடுக்கத் தெரியும் என்ற நம்பிக்கை எஞ்சி நிற்கும்.

பின் வந்த வாசல்கள்

கிளெயர் காட்டிய வழியிலே பிறரும் சென்றனர். 1847இலே இலண்டன் நகரத் தொகுதியிற் தெரிவான லயனல் டி றொத்ஷைல்ட் என்னும் யூதர், கிறித்தவ முறைப் பிரமாணத்தைச் செய்ய மறுத்தார். மக்கள் அவரையே மீண்டும் மீண்டும் தெரிந்தனர். 1858இலேதான் அவர் அமர முடிந்தது. கடவுளை நம்பாத சாள்ஸ் பிராட்லோவை நோதம்ப்ரன் தொகுதி 1880இலே தெரிந்தது. 1881, 1882, 1884 ஆகிய ஆண்டுகளில் இடைத்தேர்தல்களிலும் அவரையே தெரிந்தது. 1886இலே அவருக்கு இடங் கிடைத்தது. சபை ஆசனத்தை வெற்றிடமாக்க, மக்கள் அதே மனிதரால் அதனை நிரப்பினர்.

வாக்கை மறைவாக அளிக்கும் சட்டம் 1872இலே வந்தது. அம்முறைப்படி பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு நடந்த முதற் தேர்தலும் ஓர் இடைத்தேர்தலே. அவ்வாண்டு ஆகஸ்டிலே பொன்ரிபிறக்ற் என்னும் தொகுதியிலே, மந்திரிப் பதவி ஏற்ற ஒருவர் மறுதெரிவு நாடியபோது அது நடந்தது. எனிஸ் நீதிமன்றத்திலே பிரபுவின் கண்முன் பெயர் சொல்லிய உழவனுக்கு அத்திரை 44 ஆண்டு பிந்தியே வந்தது. மந்திரியாவோர் மறுதெரிவு பெற வேண்டும் என்ற விதியும் 1926இலே முற்றாக நீங்கிற்று. நம் இலங்கையிலும், விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வந்தபின், பாராளுமன்ற வெற்றிடத்தைக் கட்சிப் பட்டியலிலிருந்தே நிரப்புகின்றனர். இடைத்தேர்தல் என்ற சொல்லையே நம் தம்பி தங்கையர் பெரியோர் வாயிலாகத்தான் கேட்டறிகின்றனர்.

வெற்றிடம் ஒன்று ஏற்படும்போது மக்களிடம் மீண்டும் ஒரு கேள்வி கேட்கப்படுகின்றது. கிளெயரிலே கேட்ட கேள்வி சிறிது. மக்கள் அளித்த விடை பெரிது. மந்திரி ஒருவருக்கு மீண்டும் இடம் தருவீர்களோ என்று கேட்டதற்கு, எங்கள் மனச்சாட்சியை வாசலிலே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரமாட்டோம் என்று அவர்கள் சொன்னார்கள்.

எனிஸ் நகரிலே பழைய நீதிமன்றம் நின்ற இடத்திலே இன்று உயர்ந்ததொரு தூணின்மேல் ஓகொனலின் சிலை நிற்கின்றது. அவர் பெயரைச் சொல்லித் தம் வாக்குரிமை இழந்தவர்களுக்கு நாம் அறிந்தவரை அத்தகைய தூண் எதுவுமில்லை. சரித்திரம் கற்கும் நாமாவது, அத்தூணை நினைக்கும்போது அவர்களையும் சேர்த்து நினைப்போமாக.